செம்மண் சாலையில் குழந்தைத் தள்ளுவண்டி: வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

கேள்வி – சிப்புட் புதுத்தாய்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தின் குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். முதல் குழந்தை, மகள், பிறந்து 10 வாரங்கள் ஆகின்றன. வாசலிலிருந்து தார்ச் சாலையை அடைய ஏறத்தாழ 400 மீட்டர் செம்மண் சாலையில் நடக்க வேண்டும். குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளம் விழுந்த சாலை அது; மழை பெய்து ஓய்ந்தால் சரளைக்கற்கள் மேலே எழுந்து நிற்கும். அதைக் கடந்தால் ஒரு சிறுபாலம், கோயில், பிறகு கடைத்தெரு. என் கணவர் செம்பனை ஆலையில் ஷிப்டு முறையில் வேலை செய்வதால், பெரும்பாலான மாலைகளில் நானும் என் மாமியாரும் மட்டுமே குழந்தையோடு வெளியே போக வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரோலர் என்று கடைகளில் சொல்லும் குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்து, சென்ற வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போய்ப் பார்த்தோம். பளிங்குத் தரையில் எந்த வண்டியைத் தள்ளினாலும் விரல் பட்டாலே ஓடியது. விற்பனையாளர் ஒரே கையால் மடித்தும் காட்டினார். பணத்தை எடுக்கப் போன என் கணவர் நின்று, “நம் சாலையில் இது எப்படி ஓடும் என்பதை இந்தத் தரையில் எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் வாங்காமல் திரும்பிவிட்டோம்.

இப்போது இரண்டு வண்டிகள் இரவலாக வீட்டுக்கு வந்திருக்கின்றன. ஒன்று என் நாத்தனாருடையது. 6 கிலோ எடை, சிறிய கெட்டிச் சக்கரங்கள், குடைபோல் ஒடுங்கி மடியும். மற்றொன்று ஈப்போவிலுள்ள என் பெரியம்மா மகளுடையது. காற்றடைத்த பெரிய சக்கரங்கள், 11 கிலோ எடை, இரண்டு குழந்தைகளைச் சுமந்த பழைய வண்டி. அக்காவுக்கு இனித் தேவையில்லை என்பதால் அதை நாங்களே வைத்துக்கொள்ளலாம். நாத்தனாருடையதைப் போன்ற புதிய வண்டிக்கு 600 ரிங்கிட் வரை ஒதுக்கியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது பெரோடுவா அக்சியா கார்.

என் கேள்விகள் இவை. குழந்தையை உட்கார வைக்காமலேயே இந்த இரண்டையும் எங்கள் சாலையில் நேர்மையாகச் சோதிக்க வழி உண்டா? தினசரிப் பயன்பாட்டில் எது முதலில் முக்கியம்? அத்துடன், “முதுகு நிற்காத பிள்ளையை வண்டியில் உட்கார வைக்கவே கூடாது” என்று என் மாமியார் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1 – பட்டறைக்காரர், கோலகங்சார்

வணக்கம் சகோதரி. உங்கள் கணவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் மோட்டார் பட்டறை நடத்துபவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். என் வீட்டில் செய்த சோதனையை அப்படியே எழுதுகிறேன்.

குழந்தைக்குப் பதிலாக அரிசிப் பையை வையுங்கள். உங்கள் மகள் இப்போது 5 கிலோவை ஒட்டி இருப்பாள்; 5 கிலோ அரிசிப் பை ஒன்றைத் துண்டில் சுற்றி இருக்கையில் கிடத்தி, வார்களை முறையாகப் பூட்டுங்கள். ஒரு வயதுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க அடுத்த முறை 10 கிலோ பையை வையுங்கள். வெறும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதில் பயன் இல்லை. பாரம் ஏறிய பிறகுதான் சட்டம் முறுக்கிக்கொள்வதும், முன்சக்கரம் திக்குவதும், கைப்பிடி ஆடுவதும் தெரியவரும்.

அந்த 400 மீட்டரையும் போகவும் வரவும் நடந்து பாருங்கள். முதலில் காய்ந்த நாளில், பிறகு மழை விட்ட மறுநாள். அரிசிப் பை இருந்த இடத்தை விட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வீடு திரும்பியதும் கவனியுங்கள். அந்த அளவுக்குக் குழந்தையின் உடலும் குலுங்கியிருக்கும். முன்சக்கரங்கள் சுழலும் வகையாக இருந்தால், அவற்றை நேராகப் பூட்டும் விசை உள்ளதா என்று தேடுங்கள். சரளையில் சுழலும் சிறிய சக்கரம் குறுக்கே திரும்பி மாட்டிக்கொள்ளும். தள்ளுகிற வேகத்தில் வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். பூட்டினால் நேராக ஓடும். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் தள்ளித் திருப்பியும் பாருங்கள். நம் ஊரில் மாலை மூன்று மணிக்கு மேல் மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

குடைபோல் மடியும் வண்டியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரியும். 1965இல் அதை உருவாக்கிய ஓவன் மக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பை வடிவமைத்த ஆங்கிலேயப் பொறியாளர். பயணத்தில் பழைய கனத்த வண்டியோடு திண்டாடிய தம் மகளைப் பார்த்துத்தான், அலுமினியக் குழாய்களால் கைக்கு அடக்கமாக மடியும் வண்டியைச் செய்தார். அதாவது, தூக்கிச் செல்வதற்காகவே பிறந்த வண்டி அது. பேருந்துக்கும் மாடிப்படிக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. தோட்டச் சாலையின் பள்ளத்துக்கு அது பிறக்கவில்லை.

அடுத்து நிறுத்துவிசை, அதாவது பிரேக். இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். தள்ளுவண்டிகளுக்கான ஈஎன் 1888 என்னும் ஐரோப்பியத் தர விதியில், 9 டிகிரி சரிவில் பாரத்தோடு நிறுத்தி விசை பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டில் அதற்குக் கருவி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள அகலமான பலகையின் ஒரு முனையை 16 சென்டிமீட்டர் உயர்த்திக் கல் முட்டுக் கொடுத்தால் அந்தச் சரிவு கிடைத்துவிடும். அரிசிப் பையோடு வண்டியை ஏற்றி விசையை மிதியுங்கள். வண்டியின் முகம் மேலே பார்க்க ஒரு முறை, கீழே பார்க்க ஒரு முறை. இரண்டு பின்சக்கரங்களும் அசையாமல் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்து மற்றொன்று மெல்ல உருண்டால், அந்த வண்டியில் குழந்தையை வைக்காதீர்கள்.

காரைப் பொறுத்தவரை, அக்சியாவின் பின்பெட்டி 260 லிட்டர் என்று விவரத்தாளில் இருக்கும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். கதவின் வாய் அகலமும் சக்கரம் துருத்தும் இடமும்தான் தீர்மானிக்கும். மடித்துத் தூக்கி வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதில் 2 – ஓய்வுபெற்ற தாதி, பேராக்

அன்புள்ள மகளே, உன் மாமியார் சொல்வது சரி. இந்த வயதில் குழந்தையை வண்டியில் உட்கார வைக்கக் கூடாது, படுக்க வைக்கலாம். கழுத்து நின்று, துணையில்லாமல் உட்காரப் பழகும் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, இருக்கை கிட்டத்தட்டச் சமதளமாகச் சாய வேண்டும். மேலே தம்பி குறிப்பிட்ட அதே தர விதி, பிறந்த குழந்தைக்கு ஏற்றது என்று விற்கப்படும் வண்டியில் இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. நிமிர்ந்த இருக்கையில் சின்னக் குழந்தையின் தலை முன்னால் சரிந்து முகவாய் நெஞ்சில் பட்டால், மூச்சுப் பாதை குறுகிவிடும். குழந்தை அழுது தெரிவிக்காது. அமைதியாகத் தூங்குவதுபோலவே இருக்கும். அழகு, நிறம், கோப்பை வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு வண்டிகளின் முதுகுப் பலகையையும் முழுவதுமாகச் சாய்த்துப் பார். சாயாத வண்டி இப்போதைக்கு உனக்கு உதவாது.

வார் ஐந்து முனைகளிலும் பிடிப்பதாக இருக்க வேண்டும்: இரு தோள், இரு இடுப்பு, காலிடை. பூட்டிய பிறகு தோள் வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே உன் விரல் நுழையும் அளவு இருந்தால் போதும். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று பூட்டாமல் போகும் தாய்மார்களைப் பார்த்து நான் பலமுறை மனம் வருந்தியிருக்கிறேன்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கவலை வெப்பம். வெயில் படக்கூடாது என்று வண்டியின் கூரைமேல் துணியைப் போர்த்தி முழுவதும் மூடிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே சூடு ஏறுகிறது. 2023இல் வெளியான சிட்னி பல்கலைக்கழக ஆய்வில், உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியைப் போர்த்தியபோதே உள்வெப்பம் 2.6 டிகிரி கூடியது. சற்றுக் கனத்த ஃபிளானல் துணியில் 3.7 டிகிரி கூடியது. ஈரத்துணியோடு சிறிய மின்விசிறியும் வைத்தபோது 4.7 டிகிரி குறைந்தது. ஆனால் ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி. நம்முடைய புழுக்கத்தில் துணி அவ்வளவு விரைவாகக் காயாது என்பதால், அந்த வழியை அப்படியே நம்பிவிடாதே. கூரை நீளமாக இருக்கிறதா, முதுகுப்புறம் காற்று நுழையும் வலைத்துணியாக இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் நட. வழியில் அடிக்கடி குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார். வியர்த்து நனைந்திருந்தால் நிழலில் நிறுத்தித் தூக்கிக்கொள்.

கொசுவலை வேண்டும். டிங்கி (டெங்கு) காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் அந்திப் பொழுதிலும்தான் அதிகம் கடிக்கும். நீ நடக்கப் போகும் நேரமும் அதுதான். வலை வழியே காற்று போகும் என்பதால் அதைத் துணியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னும் ஒன்று. மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் தடுப்பூசிக்குக் காரில் கிளினிக் போவாய். தள்ளுவண்டி கார் இருக்கைக்கு மாற்றாகாது. 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் காரில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். 600 ரிங்கிட்டில் எதை முதலில் வாங்குவது என்ற நிலை வந்தால், முதலில் அதை வாங்கு.

பதில் 3 – தோட்டத்துப் பாட்டி

அம்மா, நான் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் காலத்தில் தள்ளுவண்டி ஏது? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போனோம். ஏணையும் இடுப்பும்தான் வண்டி. இப்போது என் பேத்தியை வண்டியில் வைத்துத் தள்ளுகிறேன். முட்டி வலி உள்ள எனக்கு அது பெரிய உதவி என்பதை மனமாரச் சொல்கிறேன். உன் மாமியாரும் தள்ளப் போகிறவர் என்றால் கைப்பிடியின் உயரத்தை அவரை வைத்தும் பார்த்துக்கொள். உனக்குச் சரியாக இருப்பது அவருக்கு நெஞ்சுக்கு வரலாம்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். காய்கறிக் கடையில் காசு கொடுப்பதற்காக வண்டியை நிறுத்தி விசையை மிதித்தேன். காலையில் செம்மண்ணில் வந்ததால் மிதியின் கீழே சேறு அடைத்திருக்கிறது. விசை பாதி மட்டுமே இறங்கியது எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்ததும் வண்டி மெல்ல உருண்டு பெரிய கால்வாயின் பக்கம் போனது. கடைக்காரப் பையன் பாய்ந்து பிடித்தான். பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. அதிலிருந்து மூன்று பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். வண்டியைக் கால்வாய்க்கு நேராக நிறுத்தாமல் அதற்கு இணையாகத் திருப்பி நிறுத்துவேன். விசையை மிதித்த பிறகு ஒரு முறை தள்ளிப் பார்ப்பேன். கைப்பிடியில் கட்டிய நாடாவை மணிக்கட்டில் மாட்டியிருப்பேன். வீடு வந்ததும் சக்கரத்தையும் மிதியையும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிடு.

கடைத்தெருவின் அஞ்சடியை, அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையை, மறந்துவிடாதே. ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் தரை ஒவ்வொரு உயரம். இரண்டு படி ஏறி, ஒரு படி இறங்கி, நடுவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். படியில் ஏற வேண்டுமானால் வண்டியைத் திருப்பிப் பெரிய பின்சக்கரங்களை முதலில் ஏற்றிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இருவராகத் தூக்கினால் சட்டத்தைப் பிடியுங்கள். குழந்தைக்கு முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்றுவிடும். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதே. பிள்ளையைத் தூக்கிய மறுகணம் வண்டி மல்லாந்து விழும். பிள்ளை உள்ளே இருக்கும்போதும் மேட்டில் ஏற்றினால் அதே கதிதான்.

இரவுச் சந்தைக்கு வண்டி வேண்டாம் அம்மா. கூட்டத்தில் பிள்ளையின் முகம் மோட்டார்ப் புகை வரும் உயரத்தில் இருக்கும், சட்டியில் கொதிக்கும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கும். அங்கே நெஞ்சோடு அணைத்துக் கட்டிக்கொண்டு போவதே நல்லது.

பதில் 4 – இரண்டாம் கை வாங்கியவர், தாப்பா

பழைய வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மடியும் கீல்களில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை உள்ளே இருக்கும்போதோ அருகில் நிற்கும்போதோ விரித்தால் கீலில் விரல் நசுங்கும். 2009இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் தள்ளுவண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டி வந்ததற்கு விரல் நுனி துண்டான சம்பவங்களே காரணம். விரித்த பிறகு பூட்டு விழும் ஓசை கேட்க வேண்டும். அதோடு இரண்டாவது பூட்டும் தனியாக இருக்க வேண்டும். இருக்கைத் துணியைக் கழற்றிக் கீழே பூஞ்சணம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். காற்றுச் சக்கரத்தின் பக்கவாட்டில் 12½ × 2¼ என்று அச்சிட்டிருந்தால் கவலை வேண்டாம். அது சிறுவர் சைக்கிளின் அளவு, டியூப் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

கேள்வி கேட்டவர் – சிப்புட் புதுத்தாய்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு நாள்கள் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நாத்தனாரின் சிறிய வண்டி சிறுபாலத்தை எட்டுவதற்குள் நான்கு முறை சரளையில் சிக்கி நின்றது. 5 கிலோ பை இடப்பக்கமாகச் சரிந்து, தோள் வாருக்கு வெளியே பாதி வந்துவிட்டது. அந்தப் பையின் இடத்தில் என் மகளை எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தார்ச் சாலையிலும் அஞ்சடியிலும் அதே வண்டி மிக அருமையாக ஓடியது. பலகைச் சரிவிலும் அசையாமல் நின்றது. அக்சியாவின் பின்பெட்டியில் பாதி இடம்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் முதுகுப் பலகை போதிய அளவு சாயவில்லை. ஆறு மாதத்துக்கு முன் அதைப் பற்றி யோசிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

அக்காவின் பெரிய வண்டியில், மழைக்கு மறுநாள்கூட, பை வைத்த இடத்திலேயே இருந்தது. இருக்கை படுக்கைபோல் முழுவதும் சாய்கிறது. கீல்களுக்கு மூடி இருக்கிறது. காரில் மட்டும் பின்சக்கரங்களைக் கழற்றாமல் உள்ளே போகவில்லை; கழற்றினால் போகிறது, இரண்டு நிமிடங்கள் ஆகின்றன. 11 கிலோவை அஞ்சடிப் படிகளில் நான் தனியாக ஏற்ற முடியவில்லை. பாட்டி சொன்னபடி பின்னோக்கி இழுத்தபோது ஒரு படி ஏறியது, இரண்டாவது படிக்கு மாமியார் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் பலகையில் ஏற்றியபோது வலது பின்சக்கரம் மட்டும் மெல்ல உருண்டது. இரண்டு குழந்தைகளுக்குப் பயன்படுத்தியும் அக்காவுக்கு இது தெரியவே இல்லை. அவர்கள் வீட்டைச் சுற்றிச் சமதரை. நிறுத்துவிசையின் மிதியிலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும் கம்பி தளர்ந்திருக்கிறது. பட்டறைக்கார அண்ணன், இதை இறுக்கினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

தாதியம்மா, நீங்கள் சொன்னதால் 600 ரிங்கிட்டைக் கார் இருக்கைக்கு ஒதுக்கிவிட்டோம். தள்ளுவண்டிக்காகப் புதிதாக எதையும் வாங்கவில்லை.

பதில் – பட்டறைக்காரர், கோலகங்சார்

சகோதரி, கம்பியின் உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். இழைகள் முழுதாக இருந்து, துரு ஏறாமல் இருந்தால், முனையிலுள்ள திருகை இறுக்கினால் போதும். ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிய கம்பியே போட வேண்டும்; அதே தடிமனில் சைக்கிள் கடையில் கிடைக்கும், போட்டுத் தரவும் செய்வார்கள். இறுக்கிய பிறகு, விசையை விடுவிக்கும்போது சக்கரம் உரசாமல் தாராளமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். பிறகு 10 கிலோ பையோடு மறுபடியும் பலகையில் இரண்டு பக்கமும் ஏற்றி, கால் மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பாருங்கள். இரண்டு சக்கரமும் நின்ற பிறகு மகளைக் கிடத்துங்கள்.